நல்ல செல்லைக் கேட்டியா?

புற்றுநோய்க்கு மருந்து தேடும் தொழிலில், "இதுவும் இல்லை" என்று ஒழுங்காக எழுதி வைப்பதுதான் தினசரி வேலை. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் "என்ன, மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்று யாராவது கேட்க, அப்பளத்தைப் பார்த்துத் தலைகுனிந்தவர்கள்தானே நீங்களும்.

முதல் ராங்க்

கூலிம் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கணினி வேலை. புற்றுச்செல்லை வளர்த்துவிடும் புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கும். எந்த மூலக்கூறு அதில் கச்சிதமாக உட்கார்ந்து அடைக்கும் என்று கணினி ஆயிரக்கணக்கில் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடும். முதல் ராங்க் எடுத்ததை ஆசையாக வரவழைத்தோம். தண்ணீரில் கரையவே மாட்டேன் என்று அது குழாயின் அடியில் மணலாகக் கிடந்தது. கரையாத மருந்து உடம்புக்குள் எப்படிப் போகும்? நான் அழாத குறை. ஆய்வுக்கூட அதிகாரி காதர் அண்ணன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஜாதகம்தான் பார்த்துச்சு லா. குடும்பம் நடத்துறது நாமதானே."

ஒரு பை இலை

நான் குடியிருக்கும் லூனாஸில் எங்கள் பக்கத்து வீடு சரசு அக்கா. கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் பிரிவில் வேலை. ஆய்வுக்கூடத்தில் நான் மாட்டுகிற கையுறைகூட அவர் கை பட்டு வந்ததாக இருக்கலாம். அவருக்கு மார்பகப் புற்று. மூன்று கீமோ முடிந்து, தலைமுடியும் போய், நாலாவதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். ஒருநாள் வேலியோரச் செடியின் இலைகளைப் பை நிறையக் கொண்டுவந்து, "எல்லாரும் நல்லதுங்கிறாங்க, பாரேன் தேவி" என்றார்.

மறுக்க மனம் வரவில்லை. சாறெடுத்து, கிண்ணத்தில் வளர்த்திருந்த புற்றுச்செல்களுக்குத் தாராளமாக ஊற்றினேன். இரண்டே நாளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நுண்ணோக்கியில் போனை வைத்துப் படம் எடுத்து, "எல்லாம் செத்துப்போச்சு அக்கா!" என்று அனுப்பிவிட்டேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை. உடனே பதில் வந்தது.

"அப்ப அடுத்த செவ்வாக்கெழம கீமோவுக்கு நான் போகல."

கேட்காத கேள்வி

போன் போட்டு, அவசரப்படாதீங்க அக்கா என்று கெஞ்சினேன். அவர் காதில் ஏறவில்லை. இலையை அரைத்துக் குடிக்கவும் ஆரம்பித்திருந்தார். காதர் அண்ணனிடம் ஓடினேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

"கெட்ட செல்லை மட்டும் கேட்டிருக்க. நல்ல செல்லைக் கேட்டியா?"

அளவுக்கு மேல் தண்ணீர்

கேட்டேன். அதே சாறு, அதே அளவு. நல்ல செல்களும் ஒன்று விடாமல் செத்துக் கிடந்தன. அதையும் படம் எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வார லீவில் சரசு அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தையெல்லாம் கொட்டினேன். அவர் பழையது, புதியது இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே ஆரம்பித்தார். "எங்க ஃபேக்டரியில குளோவுக்குள்ள அளந்துதான் தண்ணி ஊத்துவோம். ஒழுகினா ரிஜெக்ட். புதுசா வந்த சூப்பர்வைசர் ஒருத்தன் அளவு தெரியாம ஊத்தி, நல்ல குளோவெல்லாம் கிழிஞ்சு போச்சு. எல்லாமே ரிஜெக்ட்டுன்னு எழுதிட்டான். அந்த மாதிரிதானே நீ பண்ணினது?"

ஆமாம் என்றேன். அரைத்து வைத்திருந்த சாற்றை எடுத்துப்போய் சிங்க்கில் ஊற்றினார். எனக்கு அழுகை வந்தது. அவர் குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாலஞ்சு நாள் நிம்மதியா தூங்கினேன் தேவி. நீயே குடுத்த, நீயே எடுத்துக்கிட்ட. செவ்வாக்கெழம லீவு போட்டுட்டு என் பக்கத்துல வந்து உட்காரு."

உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எந்தக் கிண்ணத்தில் எது செத்தாலும், நல்ல செல்லைக் கேட்காமல் நான் போனைத் தொடுவதில்லை.