இரண்டாம் இடம் யாருக்கும் வேண்டாம்

எங்கள் வார்டில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ராமநாதபுரம் ஜில்லாவில், மண்டபத்துக்கு மேற்கே கடலோர ஊர். கணக்கு டீச்சராக இருந்தாலும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. தினமும் விடிந்ததும் குடத்தோடு கடற்கரைக்கு நடந்து, மணலில் தோண்டிய ஊற்றுக்குழியில் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்ப வேண்டும். ஊருக்குள் ஊரணி இருந்தது, தண்ணீர்தான் இல்லை. அதற்கு மழைநீர் வரும் வாய்க்காலை மறித்துத் தென்னை வைத்திருந்தவரே எங்கள் வார்டு மெம்பர்.

மறுபடியும் அவர் நின்றார். எதிர்த்து நின்ற படகு முதலாளியும் மளிகைக்கடைக்காரரும் ஊரணிக்கு வழி பண்ணுவோம் என்றார்கள். இருவருமே யோக்கியர்கள், அதுதான் வினை. ஊரில் பெரும்பாலோருக்கு ஊரணி வேண்டும். அந்த ஓட்டு இரண்டாகப் பிரிந்தால் தென்னைக்காரர் நோகாமல் நொங்கு தின்பார். இதைச் சொல்லக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அப்போது இருந்த மேல்சபைக்கு ஆசிரியர்கள் ஓட்டுப் போடும்போது முத்திரை குத்துவதில்லை, நம்பர் எழுதுவோம். ராமநாதபுரம் போய் நானே போட்டிருக்கிறேன். பிடித்தவர் பெயருக்கு நேரே 1. அவர் தேறாவிட்டால் யார் என்பதற்கு 2. அப்புறம் 3. யாருக்கும் பாதிக்கு மேல் விழாவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் 2 வாங்கியவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சாயத்துக்கும் இதையே வைக்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனேன்.

கிளார்க் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சட்டத்துல எடமில்ல டீச்சர். அது படிச்சவுகளுக்கு. இங்கன கைநாட்டுச் சனம், கொழம்பிப் போகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் ஊற்றடியில், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்களிடம் இதை விளக்கினேன். மீன் விற்கும் ஒருத்தி சிரட்டையை வைக்காமலே கேட்டாள்.

"இதுல கொழம்ப என்ன இருக்கு டீச்சர்? அந்த ஊத்து வத்திப் போனா இந்த ஊத்துக்கு வாரோம். ஊத்து கோவிச்சுக்கவா செய்யுது?"

ஊற்று கோவித்துக்கொள்ளாது. ஆம்பளைகள்?

வாபஸ் வாங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. சட்டம் கிடக்கட்டும், பள்ளிக்கூடத்தில் வைத்து வார்டு ஆட்களிடம் இப்படி ஒரு ஓட்டு எடுப்போம், உங்கள் இருவரில் பின்தங்குகிறவர் விலகிக்கொள்ளட்டும் என்று இருவரிடமும் கேட்கப் போனேன். படகு முதலாளி முழுதாகக் கேட்கவே இல்லை.

"அந்த மளிகைக்கடைக்காரருக்குப் பின்னால ரெண்டுன்னு என் பேரா? கோயில்ல நாங்க திருநீறு வாங்குன பெறகுதான் அவுக குடும்பமே கைய நீட்டும். தெரியும்ல?"

மளிகைக்கடைக்காரர் புளியை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "திருநீறுல அவுக முந்திக்கிட்டது எங்க தாத்தா காலத்துல. இப்ப நீங்க அத எழுத்துலயே எழுதிக் குடுக்கப் பாக்குறீக."

பெருக்கல் வராத பிள்ளைகளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த இரண்டு நாளில் அடைந்த எரிச்சலுக்கு அது ஈடாகாது.

எண்ணிப் பார்த்ததில் தென்னைக்காரர்தான் ஜெயித்தார். தோற்ற இருவருக்கும் சரிசமமாக விழுந்திருந்தது; இரண்டையும் கூட்டினால் அவர் கிட்டேயே வர முடியாது. ஆனால் அங்கே யார் கூட்டினார்கள்?

அந்த வாரமே படகு முதலாளி என்னை வழியில் நிறுத்தினார். "நீங்க சொன்னாப்புல நம்பர் போட்டிருந்தா நாந்தான டீச்சர் ஜெயிச்சிருப்பேன்?" பெல் அடித்துவிடும் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, ஊற்றிலிருந்து நிறைகுடத்தோடு திரும்பும்போது மளிகைக்கடைக்காரர் அதையே கேட்டார். இந்த முறை வாயை அடக்க முடியவில்லை.

"உங்க ரெண்டு பேருல யாரு ஜெயிச்சிருந்தாலும் வர்ற மழைக்கு ஊரணியில தண்ணி நிக்கும். நான் இந்தக் கொடத்தத் தூக்கிக்கிட்டு அலைய மாட்டேன்."

அவர் குடத்தைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அது சரி டீச்சர். ஒண்ணாம் நம்பரு யாருக்கு அதிகமா விழுந்திருக்கும்? அவருக்கா, எனக்கா?"