யார் கொடுத்த வெற்றிலை

எங்கள் குடும்பத்தில் யாருடைய குரலும் தானாகப் போனதில்லை. யாரோ போக்கினார்கள். என் தாத்தாவுக்கு வெற்றிலையில் செந்தூரம் வைத்துக் கொடுத்தவன் ஒரு மிருதங்கக்காரன். பெரியப்பாவுக்குப் பாலில் எதையோ கலந்தவள் ஒரு சத்திரத்துச் சமையல்காரி. எனக்குப் பதின்மூன்று வயதில் தொண்டை கட்டியது, பிறகு திறக்கவே இல்லை. அதற்கு என் அப்பா கைகாட்டியது, அம்பாசமுத்திரத்தில் எங்களோடு போட்டிக்கு நாடகம் போட்ட இன்னொரு கம்பெனியை. மூன்று தலைமுறையாக நாடகக் கொட்டகையில் பிழைத்தவர்கள் நாங்கள். குரல்தான் சொத்து. சொத்து தொலைந்தால் திருடன் ஒருவன் இருந்தாக வேண்டும்.

குரல் இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என்னைப் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். படித்தேன். சேரன்மகாதேவியில் வாத்தியார் வேலை கிடைத்தது. கோட்டும் தலைப்பாகையுமாக நடந்தாலும் ஊரில் என்னைக் கூத்தாடி வீட்டு வாத்தியார் என்றுதான் அடையாளம் சொன்னார்கள். வேறு வீட்டில் பெண் கொடுக்கவில்லை. இன்னொரு நாடகக் குடும்பத்தில்தான் கட்டினேன். என் மனைவியின் தம்பி பபூன். அந்த நாளில் திருநெல்வேலிப் பக்கம் அவன் மேடைக்கு வந்து மூக்கைச் சொறிந்தாலே ஜனங்கள் சிரிப்பார்கள்.

இன்றைக்கு அந்த இடத்தில் என் மகன் இருக்கிறான். மதுரை, தஞ்சாவூர், கொழும்பு வரைக்கும் போய் வந்துவிட்டான். ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் என்னிடம், "நீங்கதானே அவுக அப்பா?" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும் முன்பே சிரிக்கிறார்கள். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு வராத குரல் அவனுக்கு வந்தது. ஒன்பது வயதில் ஐந்தரைக் கட்டையில் நின்று பாடினான். அவன் மாமா வந்து கேட்டான்: "அத்தான், இதை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுதியளா?" எனக்கு மனமில்லை. ஆனால் என் அப்பா அப்போது உயிரோடிருந்தார். பேரன் பாடியதைக் கேட்டு அவர் அழுததைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. மாமா இருந்த கம்பெனியிலேயே பையன் பாலபார்ட் ஆனான். ராஜகுமாரன், ரிஷிகுமாரன் என்று சிறுவர் வேஷம் கட்டிப் பாடுகிறவனுக்கு அந்தப் பெயர்.

அனுப்பும்போது அவனுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன். யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே. பால் வேண்டாம், மிட்டாய் வேண்டாம், வெற்றிலை வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்ததும் கம்பெனி எந்த ஊரில் இறங்கியிருக்கிறதோ அங்கே போய்விடுவேன். அவன் தம்ளரை மோந்து பார்ப்பேன். அவனுக்குச் சோறு போட்டது யார், கூட உட்கார்ந்தது யார் என்று விசாரிப்பேன். என் தலையைக் கண்டதும் கம்பெனிக்காரர்களில் யாராவது ஒருத்தர் சொல்வார்: "அண்ணாச்சி வந்துட்டாவ, சட்டி பானையெல்லாம் மூடுங்கடே." நான் கேட்காதது போல இருப்பேன். ஆறு வருஷம் இப்படிக் காத்தேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பெனி அம்பாசமுத்திரத்தில் இருந்தபோது அது நடந்தது. நான் அன்று போகவில்லை. நாடகம் பார்த்துவிட்டு வந்த எங்கள் பள்ளிக்கூடத்து இன்னொரு வாத்தியார்தான் சொன்னார். பையன் ராஜகுமாரனாக நின்று மேல் ஸ்தாயியைப் பிடிக்கப் போயிருக்கிறான். குரல் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. மேடையில் அரண்மனை வேலைக்காரனாக நின்றிருந்த அவன் மாமா கூரையைப் பார்த்து, "இளவரசே, நம்ம அரண்மனைச் சேவல் கழுத்தை எவனோ திருகுதான்" என்றானாம். பையன் அதே கிழிந்த குரலில், "அந்தச் சேவல் நாந்தாம்வே" என்றானாம். ஜனங்கள் எழுந்து நின்று சிரித்து, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்களாம்.

"உங்க பையனுக்கு நல்ல சமயோசிதம்" என்றார் அந்த வாத்தியார்.

எனக்குச் சமயோசிதம் தெரியவில்லை. மாமாவின் பதில் எப்படி அவ்வளவு தயாராக இருந்தது என்பதுதான் தெரிந்தது. குரல் கிழியப் போகிறது என்று முன்பே தெரிந்தவன்தானே அப்படிச் சொல்ல முடியும்? மறுநாளே கம்பெனி முதலாளி, குரல் திரும்பும் வரை பையன் பபூனுக்குத் துணை வேஷம் கட்டட்டும் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு நாற்பது வயது நெருங்குகிறது, குதிக்கும்போது மூச்சு வாங்குகிறது, கூட ஒரு சின்னவன் இருந்தால் வசதி. எல்லாம் பொருந்தியது. ஒரு சந்தேகம் இவ்வளவு அழகாகப் பொருந்தினால் அதையே சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை போனேன். மாமா கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்பிளை, இவனுக்கு வெத்தலை குடுத்தியா?"

"குடுத்தேன். பதினஞ்சு வயசாச்சு, ஆசைப்பட்டான்."

"எத்தனை நாளா?"

"என்ன அத்தான், போலீஸ் மாதிரிக் கேக்கிய. நீங்களும் ஒண்ணு போடுங்க."

மடித்துக் கொடுத்தான். வாங்கினேன், வாயில் போடவில்லை. கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறியதும் பிரித்துப் பார்த்தேன். சுண்ணாம்பு, பாக்கு, ஒரு கிராம்பு. வேறெதுவும் இல்லை. எனக்குக் கொடுத்ததில் எதுவும் இல்லை என்பதே போதுமான சாட்சியாகப் பட்டது. எனக்கு ஏன் வைக்கப் போகிறான்?

அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி மறுவாரம் பையனை அழைத்து வந்தேன். வீட்டில் அவள் நன்றாக இருப்பதைப் பார்த்து அவன் விழித்தான். அவளும் விழித்தாள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அவனை ஆழ்வார்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே ஒருவர் இருந்தார். வயிற்றில் வைத்த மருந்தை எடுத்துவிடுவார் என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பையனின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உறவுக்காரன் கையால போனது வே" என்றார். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அதனால் முழுதாக நம்பினேன்.

ஒரு பச்சிலைச் சாற்றைச் செம்பில் ஊற்றி என்னிடம் நீட்டி, நீரே கொடும் என்றார்.

"இது என்னதுப்பா?" என்று பையன் கேட்டான்.

"குடி."

நான் கொடுத்ததால் குடித்தான். வேறு யார் கொடுத்திருந்தாலும், நான் சொல்லிக்கொடுத்த பாடப்படி, வாங்கியிருக்க மாட்டான்.

கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தான். அந்த ஆள் தாம்பாளத்தில் விரலை விட்டுத் துழாவி, கறுப்பாக ஒரு சின்ன உருண்டையை எடுத்துக் காட்டினார். அதைக் கண்டதும் எனக்கு வந்தது பயமோ கோபமோ இல்லை, சந்தோஷம். நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம். பக்கத்தில் பையன் மண்ணில் கையூன்றி ஓங்கரித்துக்கொண்டிருந்தான். நான் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

வாந்தி நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் ரத்தம் கலந்து வந்தது. அந்த ஆள், கெட்டதெல்லாம் போகிறது என்றார். பையனின் விரல்கள் சில்லிட்டு மடங்கத் தொடங்கியதும் வண்டி பிடித்து அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி நெடுகத் தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால்களில் ஓடுகிறது, இவனுக்கு ஒரு வாய் தண்ணீர் உள்ளே தங்கவில்லை. மூன்று நாள் பிழைப்பானா என்று தெரியாமல் கிடந்தான். நாலாம் நாள் டாக்டர் அவன் தொண்டையில் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வயசு?"

"பதினஞ்சு."

"மீசை அரும்பியிருக்கு. மகரக்கட்டு, குரல் உடையற பருவம். எல்லாப் பயலுக்கும் வர்றதுதானே. நீர் என்ன வேலை பார்க்கிறீர்?"

"வாத்தியார்."

அவர் கை கழுவப் போய்விட்டார்.

அது எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் என் வகுப்பில் ஒரு பையன் வாசிக்க எழுந்து குரல் உடைந்து நிற்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் மேஜையைத் தட்டி, இது வயதின் இயல்பு என்று சொல்லி அடக்குவேன். அதையே வீட்டில் நினைக்க எனக்குத் தோன்றவில்லை. என் குரலும் பதின்மூன்று வயதில் அப்படித்தானே போயிருக்கும் என்று அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்துதான், நாற்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக நினைத்தேன்.

மாமா தினமும் வந்தான். கையில் பழமோ ரொட்டியோ எதுவும் கொண்டுவரவில்லை. செல்லத்தையும் காணோம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பான். கடைசி நாள் மட்டும் என்னிடம், "கேட்டிருக்கலாமே அத்தான்" என்றான். பையன் நடக்கத் தொடங்கியதும் மாமாவோடு போய்விட்டான். நான் தடுக்கவில்லை.

அதன் பிறகு ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். கிணற்றில் தானே இறைத்துக் குடித்தான். இலை போட்டால், "பசியில்லம்மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டான். இரண்டாவது தடவை அவன் போன பின்பு என் மனைவி பரிமாறிய இலையை அப்படியே மடித்து எடுத்தாள். "அவன் இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. கெடுத்தது நீங்க, நீங்கதான் சரி பண்ணணும்" என்றாள்.

கம்பெனி வள்ளியூரில் இருந்தது. ஒரு தூக்குப் போணியில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு, களக்காடு வழியாக வண்டியில் போய்ச் சேர்ந்தேன். பிற்பகல். சந்தைக்குப் பக்கத்தில் கொட்டகை. உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஓலைத் தட்டிக்கு வெளியே நின்றேன். பழைய புத்தி, என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

உள்ளே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"யாரு குடுத்தா? எப்பக் குடுத்தா? எந்தக் கையால குடுத்தா? அந்தக் கையை இங்கன கொண்டா, மோந்து பாப்போம்."

என் இழுப்பு, என் இருமல், வகுப்பில் நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் விடும் இடைவெளி. காட்சி இதுதான்: கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஒரு கிழவர், பெண்ணின் கையால் வாங்கிய பாயசத்தைக் குடிக்காமல் விசாரணை செய்கிறார். உள்ளே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என் மகனின் அந்த உடைந்த குரல், எந்தப் பாட்டுக்கும் உதவாத குரல், அந்தக் கிழவருக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியது. கால்கள் திரும்பி நடக்கப் பார்த்தன. வீட்டில் காத்திருப்பவளை நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சிரிப்பு நின்றது. மாமா எழுந்து, "வாங்க அத்தான்" என்றான். பையன் தோளில் துண்டோடு நடுவில் நின்றான். மீசை வந்திருந்தது.

"கேட்டுக்கிட்டு நின்னியளா?"

"ஆமா."

"எப்படி இருக்கு?"

சவாலாகக் கேட்கவில்லை. தொழில்காரன் கேட்கிற கேள்வி அது. எனக்கு வாத்தியார் வாயில்தான் பதில் வந்தது. "பேச்சு சரியா இருக்கு. ஆனா நின்னுக்கிட்டுக் கேக்கிற. நான் அப்படிக் கேக்க மாட்டேன். நடந்துக்கிட்டே கேப்பேன்."

"நடந்து காட்டுங்க."

போணியை வாங்கிக்கொண்டான். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கொட்டகையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். யாரு குடுத்தா, எப்பக் குடுத்தா. கை முதுகுக்குப் பின்னால் தானாகப் போனது. சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்தார். என் வம்சத்தில் மேடைக்கு லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் நான். என் மகன் மட்டும் சிரிக்காமல் என் முழங்காலையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை, பைய நடங்க" என்றான். நடந்தேன்.

பிறகு உட்கார்ந்து போணியைத் திறந்தான். கொஞ்சம் கையில் எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோகாமல் என் பக்கம் நீட்டினான்.

"முதல்ல நீங்க."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், மாமா அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பையன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பபூன்களின் முகத்தில் தெரியாது. அது வேஷத்தின் பகுதியா, மனதில் இருந்ததா என்று அப்போதும் தெரியவில்லை. மாமாவிடம் கேட்காமல் போனதுபோல இதையும் நான் அவனிடம் கேட்கவில்லை. ஆனால் இதைக் கேட்காதது, கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால்.

வாங்கிச் சாப்பிட்டேன். நான் விழுங்கும் வரை பார்த்திருந்தான். அதற்குப் பிறகு அவன் சாப்பிட்டான். போணி காலியாகும் வரை சாப்பிட்டான்.

இப்போது ஊருக்கு வந்தால் வீட்டில்தான் சாப்பிடுகிறான். என் மனைவி இரண்டு இலை போடுவாள். அவன் உட்கார்ந்து எதிர் இலையைப் பார்ப்பான். அங்கே நான் உட்காருவேன். முதல் கவளத்தை நான் எடுக்கிறேன்.