சவுரியப்பன் பாட்டில் இல்லாத பள்ளம்

கடத்தூர் வட்டாரத்தில் சவுரியப்பன் மைக் கட்டாமல் ஒரு விசேஷம் நடந்தது என்று யாராவது சொன்னால், அது பக்கத்து வீட்டுக்கே தெரியாமல் நடந்த விசேஷமாகத்தான் இருக்கும். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட மனுசர். சிலேட்டைக் கீழே வைத்த கையில் பேட்டரிப் பெட்டியைத் தூக்கியவர். ஒரு ரேடியோ செட்டுக்காரரிடம் ஒயர் சுற்றி, புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஏச்சும் பேச்சும் வாங்கி, கடைசியில் தன் பேரில் போர்டு மாட்டினார். அப்பா கல் உடைத்தவர். சொத்து என்று விட்டுப்போனது ஒரு சம்மட்டிதான். கூடப் படித்து மேலே போனவர்கள் இன்றைக்கும் யாராவது ஓர் அதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சவுரியப்பன் ‘ஹலோ’ என்றால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரும்பிப் பார்க்கும்.

“ஏரியூர்ல இருந்து தீர்த்தமலை வரைக்கும் எங்கொரலு முட்டாத மலை இல்ல” என்பார். பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் முட்டி போடுகிற ஆள்தான். ஆனாலும் மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்துச் சாட்டிவிட்டால் பூசாரிக்கு அடுத்தபடி அவருக்குத்தான் ஆள் வரும். கல்யாணம், காதுகுத்து எத்தனை கைவிட்டுப் போனாலும் அவர் கவலைப்பட்டதில்லை. பண்டிகை மைக் மட்டும் அவருக்கு வேறு. தேர் நகரும்போது “வடத்தைப் பிடிங்க, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்க” என்று அவர் குரல் சொன்னால்தான் வடம் இறுகும். ஊருக்கு அவர் யார் என்பது அந்த நாட்களில்தான் முழுசாகத் தெரியும். அவருக்கும் அப்படித்தான்.

கூடவே தர்மன். இரண்டு மூன்று வயது இளையவன். மரம் ஏறுவது, ஒயர் இழுப்பது, ஜெனரேட்டருக்குக் காவல் படுப்பது எல்லாம் அவன். சவுரியப்பன் கையைத் தூக்கினால் உச்சாணிக் கொம்பில் இருக்கும் தர்மன் குழாயைத் திருப்புவான். வாய்ப்பேச்சே வேண்டாம். தலைமுடி நரைத்த பிறகும் அவன் ஏறுவதை நிறுத்தவில்லை. தனக்கு வாய்த்த தம்பி என்று சவுரியப்பன் போகிற இடமெல்லாம் சொல்லுவார். போர்டில் சொல்லவில்லை. போர்டு சின்னது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோகிலவாணி கேம் சென்டர் திறந்தாள். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பண்டிகைக் கமிட்டியிலும் இருக்கிறாள். அங்கே ஸ்பீக்கர் கொரகொரவென்று இரைகிறது என்று கூப்பிட்டார்கள். சவுரியப்பன் போய், காது கொடுத்த மாத்திரத்தில் எந்த ஒயர் என்று சொல்லிச் சரிசெய்தார். சரியாயிற்றா என்று பார்க்க அவள் ஒரு விளையாட்டைப் போட்டாள்.

“இதுல ரோடு கெடையாதுங்க பெரியப்பா. நாம ஒரு பாட்டு குடுக்கணும். அந்தப் பாட்டக் கேட்டு இதுவே ரோடு போட்டுக்கும்.”

“பாட்டக் கேட்டு ரோடு போடுதா. பஞ்சாயத்துக்காரங்ககிட்ட சொல்லாத, ஊர் ரோட்டுக்கும் பாட்டு கேப்பாங்க.”

ஆனால் அது உண்மைதான். சத்தம் ஏறினால் திரையில் மேடு எழும்பும், இறங்கினால் சரிவு. தாளம் விழுகிற இடமெல்லாம் கல். தனியாகக் குரல் மட்டும் வந்தால் மட்டமான பாலம். சத்தமே இல்லாத இடம் பள்ளம். அந்தப் பாதையில் ஒரு பைக்கை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கல்லையும் பள்ளத்தையும் எகிறித் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் விழவேண்டியதுதான். சவுரியப்பன் தன் போனிலிருந்த ஒரு பம்பை மேளப் பாட்டைக் கொடுத்தார். முதல் ஓட்டத்திலேயே விழாமல் முடித்தார். சென்டரில் இருந்தவர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

“நீங்கெல்லாம் கண்ணால ஓட்டறீங்க” என்றார் அவர். “கண்ணுக்குக் கல்லு தெரியறப்ப அது சக்கரத்துக்கு வந்துரும். நான் காதால ஓட்டறேன். அடி வுழறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனார். யார் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் ஓட்டிக் காட்டினார்.

இந்த வருசம் பண்டிகை சாட்டியதும் முருகேஷ் வந்து சேர்ந்தான். ‘முருகேஷ் சவுண்ட்ஸ்’. ஆள் உயரத்துக்குப் பெட்டி, கலர் லைட்டு, புகை விடுகிற மெசின். கமிட்டியில் பாதிப் பேர் அவன் பக்கம்.

“பெரியவரு கொழாயில பாட்டு போட்டா அம்மனே காதப் பொத்திக்குமுங்க” என்றான் அவன், கோயில் வாசலில், எல்லாரும் இருக்கும்போது. சிலர் சிரித்தார்கள்.

சவுரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பாட்டுத் தெரிஞ்சவன்தான் பண்டிகை மைக்கத் தொடணும். பொட்டி பெருசா இருந்தா அதுக்குள்ள படுத்துக்கலாம், அவ்வளவுதான். கோகிலா கடையில வந்து என்ன ஜெயி. ஜெயிச்சா நானே மைக்க எடுத்து உங்கையில குடுக்கறேன்.”

சொன்ன சொல்லை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கமிட்டிக்கும் தலைவலி தீர்ந்தது. கோகிலவாணிதான் முறை வகுத்தாள்.

“ஆளுக்கு ஒரு பாட்டு. இவரு பாட்டுல அவரு ஓட்டணும், அவரு பாட்டுல இவரு ஓட்டணும். கொறைவா வுழறவங்களுக்கு மைக். சினிமாப் பாட்டு வேணாம். ஒரு பாட்டுக்கு எத்தன தடவ போட்டாலும் அதே ரோடுதான் வரும். வூட்டுல ஓட்டிப் பழகிட்டு வந்துருவாங்க. எதிராளிகிட்ட இல்லாத பாட்டா கொண்டாங்க.”

அப்படி ஒரு பாட்டு சவுரியப்பனிடம் இருந்தது. கேசட் காலத்தில் தர்மன் அம்மன் மேல் தானாகவே ஒரு பாட்டுக் கட்டினான். தர்மனுக்கு நல்ல குரல். சவுரியப்பன் பம்பைக்காரர்களை உட்காரவைத்து, அவனைப் பாடவைத்து, கேசட்டில் பிடித்தார். இரண்டாவது சரணம் முடிந்ததும் பம்பை நிற்கும், அங்கே அவர் குரல் வரும்: “ஒலிப்பதிவு, சவுரியப்பன் சவுண்ட் சர்வீஸ், கடத்தூர்.” பிறகு பம்பை மறுபடி எழும்பும். அந்தக் கேசட்டை அவர் வைத்துக்கொண்டார். அதிலிருந்து இன்னொன்று எடுத்து தர்மனுக்குக் கொடுத்தார். உலகத்திலேயே இரண்டுதான்.

“நம்ம அம்மன் பாட்டத்தான் போடப்போறேன் தர்மா” என்று அன்றைக்கே சொன்னார். “பம்பையில ஒரு கை முந்தும், ஒரு கை பிந்தும். டீஜேக்காரன் மொத மேட்டுலயே மூக்கு ஒடைஞ்சு நிப்பான்.”

“அந்தப் பாட்டாண்ணா” என்றான் தர்மன்.

ஞாயிறு பூசை முடிந்து சவுரியப்பன் வெள்ளை வேட்டியோடு நேராக சென்டருக்கு வந்தார். நிற்க இடமில்லை. முதலில் அவர் ஆட்டம். முருகேஷின் பாட்டு அவனே சேர்த்து ஒட்டியது. சொல்லாமல் கொள்ளாமல் வேகம் இரட்டிப்பாகும், திடீரென்று அறுந்து வேறொன்று தொடங்கும். மனுசர் விடவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஓட்டினார். முடிகிற தறுவாயில் ஒரே ஓர் இடத்தில் தாளம் தலைகீழாகப் புரண்டது. பைக் கல்லில் முட்டிச் சாய்ந்தது. ஒரு தடவை விழுந்தாயிற்று. அந்தப் பாட்டில் அதற்குக் குறைவாக விழக்கூடியவர் கடத்தூரில் கிடையாது.

“இப்ப நீ வா” என்று எழுந்து இடம் கொடுத்தார். முருகேஷ் ஒரு தடவைகூட விழாமல் முடித்தால்தான் ஜெயிப்பான். அந்தப் பம்பையில் அது நடக்காது.

பாட்டு தொடங்கியது. தர்மனின் அந்தக் காலத்துக் குரல் சென்டரை நிறைத்தது. பம்பை விழுந்தது, கற்கள் எழும்பின. முருகேஷ் தாண்டினான். முந்துகிற கல்லை முந்தித் தாண்டினான், பிந்துகிற கல்லுக்குக் காத்திருந்து தாண்டினான். அவசரமே இல்லை. சொந்த ஊருக்குள் வண்டி விடுகிறவன் போல, எந்தத் திருப்பத்தில் எந்த வீட்டு மாடு படுத்திருக்கும் என்று தெரிந்தவன் போலப் போனான்.

இரண்டாவது சரணம் முடிந்தது. பம்பை நின்றது. திரையில் மட்டமான பாலம். “ஒலிப்பதிவு, சவுரியப்பன் சவுண்ட் சர்வீஸ்” என்று ஸ்பீக்கர் முழங்கியது. கல் இல்லை, பள்ளம் இல்லை. பாலத்தின் நட்டநடுவில் முருகேஷின் பைக் எகிறித் தாண்டி இறங்கியது.

“பேரக் கேட்டதுக்கே பயந்து குதிக்கறான்டோய்” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

சவுரியப்பன் சிரிக்கவில்லை. பள்ளம் இருந்தால்தான் ஒருவன் தாண்டுவான். இல்லாத பள்ளத்தைத் தாண்டுகிறான் என்றால், அதே இடத்தில் பள்ளம் இருக்கிற பாதையில் ஓட்டி ஓட்டிக் கை பழகியிருக்கிறது. பள்ளம் என்றால் சத்தமில்லாத இடம். தன் கேசட்டில் அந்த இடத்தில் தன் குரல் இருக்கிறது. அப்படியானால் முருகேஷ் பழகியது மற்ற கேசட்டில். அதில் அந்தக் குரல் அழிந்துபோய் இருக்கிறது.

தலையைத் திருப்பினார். தர்மன் கதவோரம் நின்றுகொண்டு, யாரும் சுற்றச் சொல்லாத ஒரு ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

முருகேஷ் விழாமல் முடித்தான். கூச்சல் அடங்கியதும் கோகிலவாணி அருகே வந்தாள். “பெரியப்பா, நடுவுல அவரு எதுக்குக் குதிச்சாரு? உங்களுக்கு ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க.”

ஒரு வார்த்தை போதும். மைக் அவர் கைக்கே திரும்பி வரும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், சவுரியப்பனைச் சொந்த ஆளே காட்டிக்கொடுத்தான் என்று சந்தை வரைக்கும் பேசுவார்கள். தோற்றுப்போனார் என்பதை அவர் தாங்குவார். அதைத் தாங்கமாட்டார்.

“ஆட்டம்னா ஆட்டந்தான்” என்றார். “மைக்க அவங்கிட்ட குடுத்துருங்க.”

கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினார். பின்னாலேயே தர்மன் வந்து நின்றான். வருவான் என்று அவருக்குத் தெரியும்.

“எப்படா குடுத்த?”

“நீங்க சொன்ன மறுநாளுங்ணா.”

“என்ன தர்றேன்னான்?”

“ஒண்ணும் வாங்கலீங்க. பண்டிகைக்கு மைக்குல என்னையப் பேச வுடறேன்னான்.” தர்மன் மேலே மாட்டியிருந்த குழாய்களைப் பார்த்தான். “எத்தன வருசம் மரத்து மேல இருந்து நீங்க பேசறதக் கேட்டேன். ஒரு நாளு, எறங்கி வாடா, நீயும் ரெண்டு வார்த்த பேசுன்னு சொல்லியிருப்பீங்களா?”

“கேட்டிருந்தா குடுத்திருக்கமாட்டனா?”

“கேட்டேங்ணா. தேரன்னிக்கு ஒருக்கா கேட்டேன். மைக்கு ஈரக்கைக்கு ஆகாதுன்னு சொல்லி சிரிச்சீங்க.”

சவுரியப்பனுக்கு அது நினைவில்லை. நினைவில்லாததற்காக அவர் கோபம் குறையவுமில்லை. அவர் கேட்க வந்தது வேறு.

“கேசட்டுல எங்கொரல எப்ப அழிச்ச?”

தர்மன் ஷட்டர் கொக்கியைப் பிடித்து ஆட்டினான். “நீங்க குடுத்த அன்னிக்கேங்ணா. பாட்டு நான் கட்டுனது, பாடுனது நானு. நடுவுல உங்க பேரு வருது. எம்பேரு எங்கயும் இல்ல. வூட்டுல போட்டுக் கேக்கறப்ப அந்த எடம் குத்துச்சு.”

“மைக்கு யாருதுடா? டேப்பு யாருது? பம்பைக்காரன வரவச்சது யாரு?”

“உங்களுதுதாங்ணா. எல்லாமே உங்களுது.”

அவன் போன பிறகும் சவுரியப்பன் உட்காரவில்லை. இப்போது கொடுத்ததைக்கூட அவர் ஒரு மாதிரி விழுங்கிவிடுவார். வயசாகிவிட்டது, முருகேஷ் வாய்ப்பேச்சில் மயக்கிவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேசட் கொடுத்த அன்றைக்கே. அதற்குப் பிறகு எத்தனை மரம், எத்தனை மழை, ஒரே இலையில் பிட்டுத் தின்ற எத்தனை சோறு. கை தூக்கினால் குழாய் திரும்பிய அத்தனை நாளும், அவன் வீட்டுப் பரணில் தன் பேர் அழிக்கப்பட்டுக் கிடந்திருக்கிறது. தம்பி தம்பி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

தேரன்று சாயங்காலம் அவர் வீட்டை விட்டு நகரவில்லை. ஸ்பீக்கர் சத்தம் ஜன்னல் கம்பியைத் தொட்டு அதிர வைத்தது. பேச்சு கேட்டது. முதலில் கரகரத்து, எச்சில் விழுங்கி, பிறகு தைரியம் வந்து.

“தர்மண்ணன் கொரலு மாதிரி இருக்குதுங்க” என்றாள் மனைவி சகாயமேரி. “எங்கயோ வெளியூரு போயிருக்கறதா சொன்னீங்க.”

மைக் கீச்சென்று கூவியது. சவுரியப்பனின் வலதுகை தானாக எழுந்து, இல்லாத ஒரு வால்யூம் திருகைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியது. கோயிலில் இருந்த யாருக்கும் அப்படித் திருகத் தெரியவில்லை. கூவல் நெடுநேரம் கேட்டுத்தான் நின்றது. “வடத்தைப் பிடிங்க, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்க” என்றான் தர்மன். அதே வார்த்தைகள், அதே இழுப்பு. தேர் நகர்ந்திருக்க வேண்டும். சனங்களின் ஆரவாரம் வந்தது.

பிறகு பாட்டைப் போட்டார்கள். பம்பை, முதல் சரணம், இரண்டாவது சரணம். பம்பை நின்றது. ஊரே ஒரு கணம் சத்தமற்றுப் போயிற்று.

“கரண்டு போயிருச்சுங்களா?” என்றாள் சகாயமேரி, தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி.

“இல்ல” என்றார் அவர். “இப்ப பம்பைய எடுப்பாங்க பாரு.”

பம்பை மறுபடி எழும்பியது. சவுரியப்பன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.