கோர்ட்டில் யாரும் கேட்காத கேள்வி

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ்ஸில், குடிபோதையில் ஒருவன் என் முகத்துக்கு நேரே கத்தியை நீட்டினான். பின்னாலிருந்து அவனைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தவர் இன்னொரு பயணி. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். கத்தி கீழே விழுந்த பிறகும் பிடி தளரவில்லை. “வுடுண்ணா, மூச்சு முட்டுது” என்றான் அவன். சற்று நேரத்தில் இறந்துபோனான்.

கொலை வழக்கின் விசாரணை நாட்களில் அவர் கோர்ட்டு வராந்தா பெஞ்சில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அன்று பஸ்ஸில் “வுடாதபா, புடிச்சிக்கோ” என்று கத்திய பயணிகள் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. நான் சாட்சி சொன்னேன். கத்தியைப் பற்றித்தான் கேட்டார்கள். அவன் பேசியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடுதலையான அன்று கோர்ட்டுப் படிக்கட்டில் அவருக்கு நன்றி சொன்னேன்.

“நீ கிட்ட இருந்தியேமா. அவன் கடைசியா எதனா சொன்னானா?” என்று கேட்டார்.

இனியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். “ஒண்ணும் சொல்லலண்ணா.”

என் முகத்தையே பார்த்தார். “அப்போ எனக்கு மட்டுந்தான் கேட்டுக்கினு இருக்குதா?” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நின்றுவிட்டேன். அந்தக் குரல் எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது.