ஆக்னஸ் அடித்துத் திருத்திய எண்

தூத்துக்குடி துறைமுகத்தில் ஆக்னஸ் இருபத்தாறு வருடம் மூட்டை எண்ணினாள். டாலி கிளார்க் என்று அந்த வேலைக்குப் பெயர். கப்பலிலிருந்து கிரேன் ஒரு வலை நிறைய மூட்டைகளைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அட்டையில் ஒரு கோடு போடவேண்டும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. வெயில் அடித்தாலும், முந்திரிக்கொட்டைத் தூசி கண்ணை அடைத்தாலும் கோடு தப்பக்கூடாது. கப்பல்காரன் ஓர் எண் சொல்லுவான், குடோன்காரன் இன்னோர் எண் சொல்லுவான். இருவரும் தொண்டை வறளச் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு ஆக்னஸின் அட்டையை எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை. "ஆக்னஸ் எண்ணினா எண்ணினதுதான்" என்று துறைமுகத்தில் ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருந்தால் என்ன, சும்மா வந்ததா அது?

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கப்பலின் விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததுதான் எண்ணிக்கை. தாண்டாதது எங்கே இருக்கிறது, என்ன ஆனது என்பதெல்லாம் டாலிக்காரியின் தலைவலி இல்லை. கண்ணுக்கு முன்னால் கோட்டைத் தாண்டியதை மட்டும் எண்ணு, மற்றதை மற. இருபத்தாறு வருடம் இந்தச் சட்டம் அவளைக் காப்பாற்றியது. பிறகு சரக்கெல்லாம் கன்டெய்னர் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டியை எண்ணக் கேமரா வந்துவிட்டது. நாற்பத்தொன்பதாவது வயதில் ஆக்னஸ் கையில் அட்டையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தாள். கணவர் பவுல் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் எட்டு மாதம் கடலில். பேசிக்கொண்டிருக்கக்கூட வீட்டில் ஆளில்லை.

அப்போதுதான் அதே மாதா கோயில் பங்கைச் சேர்ந்த அனிஷா அவளைத் தேடி வந்தாள். சுற்றுச்சூழல் படித்து, ஓர் ஆய்வுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். கயத்தாறுக்கு மேற்கே, குன்றடிவாரத்துப் புல்வெளியில், ஒரு கம்பெனி புதிதாக முப்பது காற்றாலை நடப்போகிறது. கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. கம்பத்தை நடுவதற்கு முன்னால் அந்த நிலத்தில் என்னென்ன பறவை, எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதித் தரவேண்டும். நாளைக்கு ஏதாவது குறைந்தால், முன்னால் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கக் கணக்கு வேண்டுமே, அதற்காக.

"பறவைய எனக்குத் தெரியாதேம்மா. காக்காவும் கடல்காக்காவும்தான் தெரியும்" என்றாள் ஆக்னஸ்.

"பறவைய நான் காட்டித் தாரேன் அக்கா. அசையிற பொருள தப்பில்லாம எண்ணுத ஆள்தான் எனக்குக் கிடைக்கல" என்றாள் அனிஷா.

எண்ண வேண்டியது பூனைப்பருந்துகளை. குளிர்காலத்தில் கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து புறப்பட்டு, மலையும் பாலையும் தாண்டி, இந்த வறண்ட மேட்டுக்கு வந்து சேர்கிற பருந்து. பகலெல்லாம் புல்வெளிக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும். பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறாது. புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகப் படுத்துவிடும். அவை படுக்கிற இடம் மேற்குச் சரிவு. ஒரே இடத்தில் அறுபதும் அதற்கு மேலும் தங்கினால் அங்கே கம்பம் நடக்கூடாது என்று வங்கி சொல்லியிருந்தது. அறுபதுக்குக் கீழே இருந்தால் நட்டுக்கொள்ளலாம். அந்தச் சரிவில்தான் காற்று நன்றாக அடிக்கும் என்று கம்பெனி பதினொரு கம்பத்துக்குக் குறி வைத்திருந்தது.

டிசம்பரிலிருந்து ஆக்னஸ் எண்ணினாள். கம்பெனி வண்டி தூத்துக்குடியில் அவளை ஏற்றிக்கொண்டு சாயந்தரம் ஐந்து மணிக்குச் சரிவில் இறக்கும். எதிரே ஒரு பாறை, இந்தப் பக்கம் ஓர் உடைமரம். இரண்டுக்கும் நடுவே மனசுக்குள் ஒரு கோடு இழுத்துக்கொள்வாள். கோட்டைத் தாண்டி உள்ளே போகிற ஒவ்வொரு பருந்துக்கும் ஒரு கோடு. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. இரண்டு மாதமும் நாற்பதைத் தாண்டவில்லை. அனிஷா இடைக்கால அறிக்கையில் முப்பத்தெட்டு என்று எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி இரண்டாவது வாரம் ஒருநாள் எண்ணி முடித்துக் கிளம்பும்போது வண்டியின் அச்சு முறிந்தது. திரும்பிப் போக வழியில்லை. சரிவுக்குக் கீழே ஆட்டுக்கிடை போட்டிருந்த சண்முகத்தாய், "எங்க வீட்டுல படுத்துக்கோங்க மதினி, வண்டி காலையில வரட்டும்" என்றாள். ஆக்னஸ் படுத்துக்கொண்டாள். டாலிக்காரிக்கு விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடும். எழுந்தவள் சும்மா இருக்க மாட்டாமல் சரிவுக்குப் போய் நின்றாள்.

கிழக்கு வெளுத்தபோது பருந்துகள் எழும்பத் தொடங்கின. பழக்கதோஷம், கை தானாகக் கோடு போட்டது. முப்பத்தெட்டு ஆயிற்று. நிற்கவில்லை. ஐம்பது. அறுபது. கடைசிப் பருந்து எழும்பிப் போனபோது அட்டையில் எழுபத்தொன்று இருந்தது. ஆக்னஸ் கட்டுகளைத் திரும்பக் கூட்டிப் பார்த்தாள். முந்தின நாள் சாயந்தரம் உள்ளே போனது முப்பத்தாறு. ஏற்றியது முப்பத்தாறு, இறக்கியது எழுபத்தொன்று என்று எந்தக் கப்பலும் உலகத்தில் கிடையாது.

"இதென்ன மதினி, இப்படி முழிக்கிய?" என்றாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேலே வந்த சண்முகத்தாய்.

"நேத்து நான் எண்ணும்போது இதுல பாதிதான வந்துச்சு?"

"நீங்க அஞ்சு மணிக்கில்லா வாரிய. நாலு மணிக்கே ஒரு கூட்டம் வந்து புல்லுக்குள்ள உக்காந்துரும். மிச்சம் கொஞ்சம் நல்லா இருட்டுனப்புறம் வரும். நீங்க அதுக்குள்ள வண்டியேறிப் போயிருவிய."

"இத ஏன் ஏட்டி முன்னாலயே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. பெரிய ஆபீஸ் வேலைன்னு நெனச்சேன்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனைக்கு அந்தப் பழமொழி ஆறுதலாக இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. ஆக்னஸுக்கு நெஞ்சு எரிந்தது. கோட்டைத் தாண்டியதை மட்டும் எண்ணியிருக்கிறாள், துறைமுகத்தில் எண்ணின மாதிரியே. கோட்டுக்கு உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு நாளாவது யோசிக்கவில்லை. கப்பல் காலியாக வராது என்று தெரிந்தவள், புல்வெளி காலியாக இருக்கும் என்று எப்படி நினைத்தாள்? வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளுடைய முப்பத்தெட்டை நம்பி அந்தச் சரிவில் பதினொரு கம்பம் வரப்போகிறதே என்று பயமாக இருந்தது.

அன்று மத்தியானமே அனிஷாவிடம் போய்ச் சொன்னாள். அனிஷா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ரிப்போர்ட் போயிருச்சு. இப்ப மாத்துனா மத்த எல்லா எண்ணையும் சந்தேகப்படுவாங்க. தப்பா எண்ணுன ஆளுன்னு உங்கள டீம்ல வைக்கவும் விடமாட்டாங்க."

"என்னைய வைக்காண்டாம். எண்ணிக்கைய மட்டும் வச்சுக்கோ."

"ஒருநாள் எண்ணிக்கைய வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

"எத்தன நாள் வேணும்?"

அனிஷாவுக்கு எத்தனை என்று தெரியவில்லை. "மார்ச் முதல் வாரம் பேங்க் சார்பா ஒருத்தர் வாராரு. அதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஆனா வண்டி தர முடியாது, கம்பெனி ஒத்துக்காது" என்றாள். பாவம், அவள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

ஆக்னஸ் வண்டி கேட்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி, அங்கிருந்து கயத்தாறு, அப்புறம் நாலு மைல் நடை. மூன்று மணிக்கே சரிவுக்கு வந்துவிடுவாள். மாசி வெயில் மண்டையைப் பிளக்கும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உடைமரத்து அரை நிழலில் நிற்பாள். முதல் பருந்து வருவதற்கு முன்னால் நின்று, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகே நகர்வாள். சண்முகத்தாய் வீட்டில் படுத்து, விடியலில் எழும்புவதை எண்ணுவாள். சாயந்தர எண்ணும் காலை எண்ணும் ஒத்துப்போகாத நாளை அட்டையில் அடித்துவிடுவாள். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மழைத்தூறலில் ஒரு நாள் போயிற்று. குழப்பமில்லாமல் தேறியது ஒன்பது நாள்.

"ஒரு பருந்துக்கா இம்புட்டுப் பாடு? அது கோழிக்குஞ்சக்கூடத் தூக்காது. அதனால நாங்க அத வெரட்டுததும் இல்ல, கண்டுக்கிடுததும் இல்ல" என்றாள் சண்முகத்தாய் ஒருநாள் கஞ்சியை நீட்டிக்கொண்டே.

"அது தூக்காது. நான்தான் தூக்கிட்டேன், பாதிப் பேர" என்றாள் ஆக்னஸ்.

அந்த ஒன்பது நாளில் ஒரே நாளில் மிக அதிகமாக வந்தது தொண்ணூற்று நாலு. மிகக் குறைவாக வந்தது அறுபத்தெட்டு. ஆனால் கடைசி நாட்களில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. வெயில் ஏற ஏற, பருந்துகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிட்டன. வங்கி ஆள் வருவதற்குள் எத்தனை மிஞ்சும் என்ற கவலையில் ஆக்னஸுக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் நாலாம் தேதி ராஜதுரை வந்தார். வங்கிக்காகப் பல ஊர்களில் இப்படிச் சரிபார்க்கிறவர், ஐம்பது வயது, அதிகம் பேசாதவர். ஆக்னஸ் எழுதிய கடிதம் அவர் கையில் இருந்தது. 'நான் டிசம்பரிலும் ஜனவரியிலும் எண்ணியது தவறு' என்று தொடங்கும் கடிதம். இந்த மாதிரி ஒரு கடிதத்தை அவர் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை போலும், இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு மாசம் தப்பா எண்ணினவங்க, ஒன்பது நாள் சரியா எண்ணினேன்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது?"

"எதையும் நம்பாண்டாம் சார். நாளைக்கு விடியக்காலம் வாங்க. நீங்களே எண்ணுங்க."

மறுநாள் விடியலில் ராஜதுரை, அனிஷா, ஆக்னஸ் மூவரும் சரிவில் நின்றார்கள். ராஜதுரை கையில் அமுக்கினால் எண் ஏறும் சின்னக் கருவி. ஆக்னஸ் கையில் அட்டை. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. பருந்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியாக ஒன்று எழும்பிக் குன்றுப் பக்கம் போனது. பிறகு வெறும் புல்.

ராஜதுரை கருவியைப் பார்த்தார். "அறுபத்திரண்டு."

அனிஷாவின் முகம் மலர்ந்தது. அறுபதைத் தாண்டிவிட்டது, இனி ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போய்விடலாம். ஆக்னஸ் தன் அட்டையைப் பார்த்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று நினைத்தாள். அப்புறம் தன் மேலேயே கோபம் வந்தது.

"இல்ல சார். அம்பத்தொம்பது."

"எப்படி?"

"ரோட்டுப் பக்கத்துலருந்து வந்து மேல சுத்துனது ரெண்டும் கரும்பருந்து. கோழிக்கடைக் குப்பைக்கு வாரது. இங்கன படுத்ததில்ல. அந்தப் பாறைக்குப் பின்னால ஒண்ணு எழும்பித் திரும்ப உக்காந்து மறுபடி எழும்புச்சு. அத நீங்க ரெண்டு தடவ அமுக்கிட்டிய."

ராஜதுரை அவளையே பார்த்தார். "ஆக்னஸம்மா, எல்லை அறுபதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஐம்பத்தொன்பதுன்னு எழுதினா இந்தச் சரிவு போயிடும். அதுவும் தெரியும்ல?"

"தெரியும்." என்றாள் ஆக்னஸ். "இல்லாதத எழுதி ஒரு இடத்தக் காப்பாத்துனா, நாளைக்கு இருக்கறத எழுதுனாலும் ஒருத்தனும் நம்பமாட்டான் சார்."

அனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜதுரை கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்த ஒன்பது நாள் அட்டையையும் கொடுங்க."

உடைமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தார். அடித்த கோடுகள், திருத்திய கட்டுகள், 'இருட்டிவிட்டது, இதை எண்ணவில்லை' என்ற குறிப்புகள், முழுதாகக் குறுக்கே கோடு இழுத்து ஒதுக்கிய நாட்கள். பார்த்து முடிக்க அரைமணி ஆயிற்று. எழுந்து அனிஷாவிடம் சொன்னார்:

"இன்னைக்கு ஐம்பத்தொன்பதுன்னே எழுதுங்க, பறவை வடக்கே திரும்பத் தொடங்கின பிறகு எடுத்ததுன்னு குறிப்பு போடுங்க. தொடக்கக் கணக்கா இந்த ஒன்பது நாளை எடுத்துக்குறேன். தனக்குச் சாதகமா இருந்த மூணையே விட்டுக்கொடுக்கறவங்க, தொண்ணூத்து நாலைக் கூட்டி எழுதியிருக்க மாட்டாங்க. பழைய முப்பத்தெட்டை எடுத்துடலாம்."

அனிஷா தலையாட்டினாள். ஆக்னஸ் ஆட்டவில்லை.

"எடுக்காண்டாம் சார். அது அங்கனயே கிடக்கட்டும். பக்கத்துல தப்புன்னு எழுதி, எப்படித் தப்பாச்சுன்னும் எழுதி, என் பேரப் போடுங்க."

"எதுக்கும்மா? உங்க பேர்தானே கெடும்?"

"கெடட்டும். நாளைக்கு இன்னொருத்தி அஞ்சு மணிக்கு வண்டியில வந்து எறங்கி, கோட்டத் தாண்டுனத மட்டும் எண்ணிட்டுப் போயிரக் கூடாது."

மேற்குச் சரிவில் இன்றைக்கு ஒரு கம்பமும் இல்லை. பதினொன்றையும் கிழக்கே தள்ளி நட்டிருக்கிறார்கள். அறிக்கை நூற்றெண்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். அதில் ஒரு பக்கத்தில் முப்பத்தெட்டு என்ற எண் அச்சாகி, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. கீழே, சாயந்தரம் ஐந்து மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்த பறவைகளை எண்ணத் தவறியவர் ஆக்னஸ் என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனிஷாவிடம் நகல் எடுத்து வாங்கி, ஆக்னஸ் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.