உப்பில்லாதான் மச்சான்

கோணச்சந்து எங்கே இருக்கிறது என்று என் பெண்டாட்டி மலையம்மாளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைய பொழுது போச்சு. சந்து முனையில் ஒரு வேம்பு, உள்ளே போனால் இடப்பக்கம் வாய் உடைந்த கிணறு, எதிர்த்தாற்போல் சாயக்காரர் வீடு, அந்த வீட்டுச் சாக்கடையில் ஒரு நாள் சிவப்புத் தண்ணீர், ஒரு நாள் பச்சைத் தண்ணீர் என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். எல்லாம் ஒன்பது வயதில் பார்த்தது. அந்தச் சந்தே இப்போது இல்லை. யாரோ ஒரு முதலாளி மொத்தமாக வாங்கி, இடித்து, நெல் கிட்டங்கி கட்டிவிட்டார். இல்லாத சந்துக்கு வழி கேட்டே என் ஆயுசில் ஆறு வருஷம் போயிற்று.

அவள் கதை சின்னதுதான். காலராவில் ஒரே வாரத்தில் அப்பனும் ஆத்தாளும் போனார்கள். சின்னாத்தா வந்து இவளைக் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பதினாலு வயது அண்ணன் பேயாண்டி மதுரையிலேயே தங்கிவிட்டான். கடுதாசி எழுத இரண்டு பக்கமும் ஆளில்லை. கம்பத்தில்தான் நான் அவளைக் கட்டினேன். உலகச் சண்டை தொடங்கிய மறுவருஷம் பிழைப்புக்காக மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு மதுரையை ஒட்டிய கோச்சடைக்குக் குடிவந்தோம். வந்த மறுநாளே, "ஏங்க, எங்கண்ணனப் பாத்துட்டு வருவமா?" என்றாள். ஏதோ பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல நானும் கிளம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

சிம்மக்கல்லில் கடை கடையாகக் கேட்டாயிற்று. ஜட்காக்காரர்களைக் கேட்டாயிற்று. ஆற்றில் துணி வெளுப்பவர்களைக் கேட்டாயிற்று. "பேயாண்டியா? எந்தப் பேயாண்டிண்ணே? எங்க தெருவுலயே மூணு பேரு இருக்கான்" என்பார்கள். ஒருத்தன் "நான்தாம்மா ஒன் அண்ணன்" என்று சொல்லி இரண்டு வேளை கறிச்சோறு தின்றுவிட்டுப் போனான். கிணறு எந்தப் பக்கம் என்று இவள் கேட்டபோதுதான் முழித்தான்.

இப்படியே போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். சண்டை முடிந்து வரும் தையில் கல்யாணம் என்று மகள் இருளாயிக்கு ஒத்தக்கடையில் மாப்பிள்ளை அமைந்தது. எங்களில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டாமல் மணவறையில் உட்கார வைப்பதில்லை. சம்பந்தியம்மாள் சீனியம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? நாங்க பாத்ததே இல்லையே" என்றாள்.

"எங்கண்ணன் வரும்" என்றாள் இவள், பட்டென்று.

"வந்தாச் சரி" என்று சீனியம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒண்ணுவிட்ட அண்ணன் யாரையாச்சும் கூப்பிட்டுக்குவோம்டி" என்று வீட்டில் சொன்னேன்.

"ஏன், எங்கண்ணன் செத்தா போச்சு?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கும் போடவில்லை.

மார்கழி கடைசியில் தெற்குமாசி வீதியைத் தாண்டி ஒரு தெருவில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். சாக்கடையில் குங்குமம் கரைத்தாற்போல் சிவப்புத் தண்ணீர். ஆறு வருஷமாக இவள் சொல்லிச் சொல்லிக் காது புளித்த அதே தண்ணீர். சாக்கடையோடு போனால் ஒரு சாயக்காரர் வீடு. சௌராஷ்டிரர்கள். முன்னே கோணச்சந்தில் இருந்தவர்கள்தானாம். மறுநாளே மலையம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாயக்காரர் மனைவி பத்மாசினி யோசித்து யோசித்துப் பார்த்தார். "பேயாண்டின்னு அங்க யாரும் இல்லியேம்மா."

"ஒங்க வீட்டுக்கு எதுத்த வீடுங்க. கிணத்தை ஒட்டி. வாசல்ல ஆட்டுக்கல்லு கெடக்கும்."

"அடடே! உப்பில்லாதான் மகளா நீ?" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மலையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டப்பெயரை அந்த வீட்டு ஆட்கள் காதில் விழும்படி யார் சொல்வார்கள்? தயங்கித் தயங்கித்தான் பத்மாசினி சொன்னார். மலையம்மாளின் காதுகுத்துக்கு அவள் அப்பனே சமைத்தானாம். குழம்பில் உப்பே இல்லையாம். இலையில் உட்கார்ந்த சந்துக்காரர்கள் அன்றைக்கு வைத்த பெயர். அப்பன் பெயர் அடியோடு மறைந்து, மகனுக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

சிம்மக்கல்லில் என் வண்டிக்கு மூட்டை இறக்குகிறவன் பெயர் உப்பில்லாதான். நான் கோச்சடைக்கு வந்த முதல் மாசமே ஒரு மூட்டையை ஈரத்தில் இறக்கினான் என்று கடைத்தெருவே கேட்க, "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கத்தியிருக்கிறேன். எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஊரையெல்லாம் விசாரித்தேன், அவனை மட்டும் விசாரிக்கவில்லை.

வண்டியில் வரும்போது சொன்னேன். மலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "ஆறு வருசமா ஒங்க மூட்டையத் தூக்குன மனுசனுக்கு ஒரு பேரு இருக்கும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றாள். நான் மாட்டை அதட்டினேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்கு நானே போனேன். அவர் மூட்டையில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "மச்சான்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "நீங்க தேடுறது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தாம்பாளத்தை வீசியிருப்பேன். "தெரிஞ்சுமா வாயத் தொறக்கல? அவ எம்புட்டு அழுதிருப்பா தெரியுமா?"

"நான் வந்தா இந்தப் பேரும் கூடவே வருமேய்யா. புள்ளையக் குடுக்குற எடத்துல சிரிக்க மாட்டாகளா?" பீடியைத் தரையில் தேய்த்தார். "அன்னைக்கு உப்பு வாங்கிட்டு வாடான்னு எங்கய்யா அனுப்புனது என்னைத்தான். பம்பரம் விடுறதைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். எங்கய்யா சாகிறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

"அவ தங்கச்சியா நின்னு கூப்பிடுறா. வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்று தாம்பாளத்தை மூட்டைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று வந்தார். வெளுத்த வேட்டி, கையில் கண்டாங்கிச் சேலை, மாலை, பட்டம். மலையம்மாள் அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. இருளாயி நெற்றியில் பட்டம் கட்டினார். சீனியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வழியாக நிம்மதி என்று நினைத்தேன்.

முதல் பந்தியில் வந்தது வினை. "என்ன சம்பந்தி, கடலையே கரைச்சு ஊத்திட்டீகளா?" என்றாள் சீனியம்மாள். ரேஷன் அரிசியை அலைந்து அலைந்து சேர்த்துப் போட்ட பந்தி! சமையல்காரரிடம் ஓடினேன்.

"ஒங்க மச்சான்தான்யா ரெண்டு கை அள்ளிப் போட்டாரு. சொன்னாக் கேட்டாத்தானே!"

"எங்கேய்யா அந்த ஆளு?" என்று கத்திக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில் மலையம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் அவள் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு காணுமா தாயி?"

"சரியா இருக்குண்ணே. இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து இலை போடச் சொன்னேன். வாயில் வைக்க முடியவில்லை. முழுசும் தின்றேன்.