ஓட்டிப் பார்த்தவர்கள்

தொண்ணூறுகளில், கோலாலம்பூரில் நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மரபணு வரிசைகளைக் கணினியில் ஒப்பிடும் பேராசிரியர் ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு தாளில் படும்படி வாசிப்பார். உலகெங்கும் அவரை மேற்கோள் காட்டினார்கள்.

என் கணக்கு: கட்டுரை ஒன்று, புரோகிராம் ஒன்று, மேற்கோள் பூஜ்யம்.

ஒருநாள் நூலகத்து மேற்கோள் அட்டவணையில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது. யார், எந்த இதழில் என்னை மேற்கோள் காட்டினார்கள் என்பது மட்டும்தான் அதில் தெரியும்; என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. உதவித்தொகை நேர்காணலுக்கு அது போதும் என்று தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் போய் லட்டு வாங்கி, ஆய்வகம் முழுக்கக் கொடுத்தேன். நிதானமான பெண் என்று எனக்குப் பெயர்.

பிறகுதான் இதழ் வந்தது. என் புரோகிராம் தவறான விடை தருகிறது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள்.

பேராசிரியர் வாங்கி வாசித்தார். "ஏம்மா, உன் புரோகிராம கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்திருக்காங்களே!"

"தப்புன்னு எழுதியிருக்காங்க சார்."

"அதான் லா! என்னோட புரோகிராமுக்கு எல்லாரும் கட்டுரையில பேர் மட்டும் போடுறாங்க. ஒருத்தனும் ஓட்டிப் பாக்கல. இவங்க அட்ரஸ் குடு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் தபால் அறையில், அந்த முகவரி எழுதிய உறைக்குள் தன் புரோகிராம் இருந்த டிஸ்க்கை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.